பரங்கிப்பேட்டையில் ஓர் அடிக்கல்

1

சிதம்பரத்தில் இருந்து கடலூர் பக்கம் போகிற பாசஞ்சர் ரயிலில் கிள்ளையைத் தாண்டினால் பரங்கிப்பேட்டை. பேருந்தில் போகிறவர்கள் பி.முட்லூரில் பிரிந்து கிழக்கே போக வேண்டும். போர்த்துகீசியர்கள் இதை போர்ட்டோ நோவோ என்றார்கள், அதாவது புதுத் துறைமுகம். அரபு வணிகத் தொடர்பில் மஹ்மூது பந்தர் என்று இன்னொரு பெயர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய இடம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இந்த ஊருக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான்.

இன்னொரு வரியும் கிடைத்திருக்கலாம். 1921 செப்டம்பரில் காந்தி தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில்தான், செப்டம்பர் 22 அன்று மதுரையில், சட்டையையும் தொப்பியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறினார். அது எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சில நாள் முன்னால் பரங்கிப்பேட்டைக்கு வந்து ஒரு பெண்கள் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார் என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. பள்ளியைத் தொடங்கியவர் ஆன் மரி பீட்டர்சன், டென்மார்க்கில் இருந்து வந்த கிறித்தவப் பெண். பள்ளியின் பெயர் சேவா மந்திர்.

கல்யாணத்துக்கு உதவுவது, பிள்ளை வளர்ப்புக்குக் கை கொடுப்பது, நொடித்த குடும்பத்தைத் தூக்கி விடுவது என்று கிறித்தவத் தொண்டு அமைப்புகள் சொல்லும்போது அதற்கு என்ன பொருள்? கேள்வி பெரிசு. ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இருக்கிற இந்தச் சின்னக் கடற்கரைத் துண்டில் அதற்கு முந்நூறு வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் நடுவில், கிட்டத்தட்ட ஒரு திருப்பத்தில், இந்த அடிக்கல் கிடக்கிறது.

2

தொடக்கம் 1717. தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு, கடலூரில் ஆங்கிலேயர்கள் வைத்திருந்த புனித டேவிட் கோட்டை அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி அங்கே தர்மப்பள்ளி தொடங்க ஏற்பாடு செய்தார். தர்மப்பள்ளி என்றால் சம்பளம் கிடையாது. பல இடங்களில் சாப்பாடு, துணி, தங்க இடம் எல்லாமே மிஷன் பொறுப்பு.

இந்த மாதிரி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பாதிரியார் 1690களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கினார். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகள் பலரும் அந்த ஹாலே வட்டத்தில் தயாரானவர்கள். ஏழ்மைக்கு மருந்து என்ன என்று அவர்களைக் கேட்டால், ஒரு கட்டிடத்தைக் காட்டியிருப்பார்கள். பிள்ளையை அந்தக் கட்டிடத்துக்குள் கொண்டுவா, சோறு போடு, எழுத்து கற்றுக்கொடு, ஜெபம் சொல்லிக்கொடு, நல்ல மனிதனாக வெளியே அனுப்பு.

1740இல் கடலூருக்கு வந்த கீர்நாந்தர் என்ற ஸ்வீடன்காரர் இதே வேலையைப் பதினெட்டு வருடம் செய்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்ததும் ஊரை விட்டுக் கிளம்பி கல்கத்தா போய்விட்டார். ஒரு சண்டை வந்தால் பள்ளிக்கூடம் மூடப்படும், நடத்துகிறவர் வேறு ஊருக்குப் போவார். பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் அங்கேயேதான் இருப்பார்கள். வெளியில் இருந்து வருகிற தொண்டில் இந்த வித்தியாசம் எப்போதும் உண்டு.

அந்தக் காலத்து மிஷனரிகளை வில்லன்களாக்க எனக்கு விருப்பமில்லை. பெண்பிள்ளைக்கு எழுத்தா என்று ஊர் சிரித்த காலத்தில் 1707இலேயே தரங்கம்பாடியில் பெண்களுக்குப் பள்ளி வைத்தவர் சீகன்பால்கு. பட்டினியில் இருந்த பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு கிடைத்தது என்றால் அது சோறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உதவியின் வடிவத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. உதவி குடும்பத்துக்குப் போகவில்லை. குடும்பத்தில் இருந்து ஒரு பிள்ளை உதவிக்குப் போனது.

3

அடுத்த காட்சி 1860கள். பண்ருட்டிக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கம். கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி அங்கே புதிதாக ஒரு நிலையம் அமைத்து, பெத்தானியா என்று பெயர் வைத்தார். ஏன் புதிதாக? அவர் இருந்த லைப்சிக் மிஷனோடு சாதி விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. சாதி என்பது சமூக வழக்கம், மெதுவாகத்தான் போகும், சபைக்குள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது லைப்சிக் நிலைப்பாடு. முடியாது என்று வெளியேறினார் ஓக்ஸ். அதே பத்தாண்டில் டென்மார்க் மிஷன் சங்கம் அவரோடு கை கோத்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சாதி விவாதம் எப்போதும் சபையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, ஒரே கிண்ணத்தில் திராட்சை ரசம் குடிப்பதா என்பதாகவே நடந்தது. ஆனால் சாதி தங்குகிற இடம் பெஞ்சும் கிண்ணமும் அல்ல, கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள் திங்கட்கிழமை மாப்பிள்ளை தேடும்போது அவரவர் தெருவுக்குத்தான் போனார்கள். இன்றைக்கும் கிறித்தவத் திருமண விளம்பரங்களில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். திருமணத்தைப் புனிதம் என்று சொன்ன சபைகளால் அந்தத் திருமணம் யாரோடு யாருக்கு என்பதைத் தொட முடியவில்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 1864இல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரி பெர்சிவலோடு சேர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். பள்ளி, அச்சகம், பிரசங்கம் என்று மிஷனரிகள் கையில் இருந்த கருவிகளை எடுத்து அவர்களுக்கு எதிராகவே பயன்படுத்தினார். 1916இல் அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். மிஷனும் தராத, சைவ மடங்களும் தராத ஒன்றைத் தன் மக்களுக்குத் தானே உண்டாக்கினார். ஆக, இந்த வட்டாரத்தில் தொண்டு என்பது ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்குகிற கதையாக மட்டும் இருந்ததில்லை. ஒருவர் கொடுத்ததைப் பார்த்து இன்னொருவர் தனக்குத் தானே செய்துகொண்ட கதையும் அதில் சேர்ந்தது.

4

1876. இங்கிலாந்தில் மேரி சம்னர் என்ற பாதிரியார் மனைவி தன் ஊர்த் தாய்மார்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் பிறகு மதர்ஸ் யூனியன் என்று உலகமெங்கும் பரவியது. திருமணம், பிள்ளை வளர்ப்பு, குடும்பம், இதுதான் அந்தச் சங்கத்தின் மையம். பணக்காரத் தாயும் வண்ணார வீட்டுத் தாயும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், இருவருக்கும் துணை வேண்டும் என்பது சம்னரின் எண்ணம். அழகான எண்ணம்தான். ஆனால் அதே சங்கம் விவாகரத்து ஆன பெண்களை 1970கள் வரைக்கும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. குடும்பம் உடைந்து அதிகம் துணை தேவைப்பட்டவளுக்குத்தான் கதவு சாத்தியிருந்தது.

அதே 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். பல லட்சம் பேர் செத்தார்கள். நிவாரண வேலைக்குப் போனவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று கூலியைக் குறைத்தது அரசாங்கம். அதை வைத்து ஒருவன் தன் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வதே கஷ்டம், குடும்பத்தை எங்கே காப்பாற்றுவது? அப்போது மாகாணம் முழுக்க மிஷன் அனாதை இல்லங்கள் நிரம்பின. அங்கே சேர்ந்த பிள்ளைகள் எல்லோருமே அப்பா அம்மா இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். சோறு போட முடியாமல் பெற்றவர்களே கொண்டுவந்து விட்ட பிள்ளைகளும் உண்டு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. இங்கிலாந்தில் தாய்க்கு உதவி என்றால் தாயைக் கூட்டி உட்கார வைத்துப் பேசுவது. இங்கே தாய்க்கு உதவி என்றால் பிள்ளையை வாங்கிக்கொள்வது. ஒரே மதம், ஒரே வருடம், இரண்டு அளவுகோல். பஞ்சத்தில் வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லலாம், அது பாதி உண்மை. பஞ்சம் முடிந்த பிறகும் போர்டிங் ஸ்கூல்தான் மிஷன் வேலையின் முதுகெலும்பாக இருந்தது என்பது மீதி உண்மை. ஏழைத் தமிழ்க் குடும்பம் பிள்ளை வளர்க்கத் தகுதியான இடமில்லை என்ற எண்ணம், யாரும் சத்தமாகச் சொல்லாமலேயே, அந்தக் கட்டிடங்களுக்குள் இருந்தது.

5

இந்தப் பின்னணியில்தான் ஆன் மரி பீட்டர்சன் வருகிறார். பிறந்தது 1878இல். 1909இல் டென்மார்க் மிஷன் சங்கத்தின் ஊழியராக இந்தியா வந்தார். அவருடைய நாட்டில் ஏற்கெனவே ஒரு கல்விக் கலகம் நடந்து முடிந்திருந்தது. குரூண்ட்விக் என்ற பாதிரியார், லத்தீன் மணக்கிற கல்வி செத்த கல்வி, விவசாயி வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில், தங்கள் வாழ்க்கையில் இருந்து படிக்க வேண்டும் என்று வாதாடினார். 1844இல் அந்த யோசனையில் முதல் நாட்டுப்புற உயர்பள்ளி தொடங்கப்பட்டது. அந்த ஊரில் இருந்து வந்தவர், இங்கே கிராமத்துப் பெண்பிள்ளைகளை ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்கிற பள்ளிகளைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

1917 ஜனவரியில் அவரும் இன்னொரு இளம் டேனிஷ் மிஷனரியான எஸ்தர் ஃபேரிங்கும் பெண்கள் பள்ளி ஒன்று தொடங்கும் யோசனையோடு இந்தியாவின் பல கல்வி நிலையங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்படியே அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்துக்கும் போனார்கள். எஸ்தருக்கும் காந்திக்கும் அதன் பிறகு கடிதங்கள் ஓடத் தொடங்கின. அந்தக் கடிதங்கள் 1956இல் நவஜீவன் வெளியீடாகப் புத்தகமாக வந்தன.

மிஷனுக்கு இது பிடிக்கவில்லை. ஆசிரமத்துக்குப் போகக் கூடாது என்றார்கள். சென்னை அரசாங்கத்துக்கும் சந்தேகம். 1919இல் எஸ்தர் மிஷனை விட்டு விலகினார், சபர்மதியில் போய்த் தங்கினார். அடுத்த வருடம் பீட்டர்சனும் விலகினார். எஸ்தர் ஒரு மலையாளியை, குன்ஹி மேனன் என்பவரை, விரும்பி மணந்துகொண்டு எஸ்தர் மேனன் ஆனார். வெள்ளைக்கார மிஷனரிப் பெண் இந்தியரைக் கல்யாணம் செய்வது அன்றைக்கு மிஷன் வட்டாரத்துக்கும் ஆட்சியாளர்களுக்கும் சேர்ந்தே தலைவலி.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1872ஆம் வருட இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவர் கிறித்தவராக இருந்தாலே போதும், அந்தச் சட்டத்தின் கீழ் திருமணம் நடக்கலாம். அதாவது சட்டத்தின் கதவு திறந்துதான் இருந்தது. தடையாக இருந்தது மனிதர்களின் முகச்சுளிப்புதான். குடும்பம் கடவுளின் ஏற்பாடு என்று வாரா வாரம் பிரசங்கம் செய்தவர்களுக்கு, தங்களில் ஒருத்தி இங்கே ஒரு குடும்பத்தை உண்டாக்கியபோது அதைக் கொண்டாட முடியவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் சாதியைச் சகிக்க முடியாது என்று தொடங்கிய மிஷன், அறுபது வருடத்தில் நிறம் என்ற இன்னொரு சாதியில் வந்து முட்டிக்கொண்டது.

6

இப்போது அடிக்கல்லுக்கு வரலாம். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். அரசு மானியம் வாங்கிக்கொண்டு பள்ளி நடத்தினால் அரசாங்கத்தின் பாடத்தைத்தான் நடத்த முடியும், கிறித்தவப் பள்ளிகள் அந்த மானியத்தை விட வேண்டும் என்பது பீட்டர்சனின் கருத்து. காந்தி அவருடைய கடிதத்தை யங் இந்தியாவில் வெளியிட்டார். பரங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய பள்ளியின் அடையாளம் பெண்களுக்கான தேசிய கிறித்தவப் பள்ளி. இந்தப் பெயரில் இருக்கிற துணிச்சல் இன்று நமக்கு உடனே புரியாது. 1921இல் தேசியம் என்றால் அரசாங்கம் முறைத்தது, கிறித்தவம் என்றால் தேசியவாதிகள் முறைத்தார்கள். இரண்டையும் ஒரே பலகையில் எழுதி வைத்தார் அந்த அம்மா. 1924இல் பள்ளி திறந்தது.

ஒரு ஒப்பீடு. 1920இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார், 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இருபது கிலோமீட்டர் தூரத்துக்குள், ஒரு வருட இடைவெளியில், இரண்டு கல்விக் கனவுகள். ஒன்று ஊரையே மாற்றியது. இன்னொன்று சின்னதாகவே இருந்தது, இருக்கிறது. சேவா மந்திர் பள்ளி இன்றும் பரங்கிப்பேட்டையில் நடக்கிறது. 1951இல் மறைகிறவரை பீட்டர்சனின் வாழ்க்கை அதோடு பிணைந்திருந்தது.

ஆனால் அந்தச் சின்னக் கனவில் ஒரு புதிய யோசனை இருந்தது. ராட்டை என்பதை நாம் அரசியல் சின்னமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு ஏழை வீட்டுக் கோணத்தில் இருந்து பாருங்கள். நூற்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை. பள்ளியில் அதைக் கற்றுக்கொண்ட பெண் வீட்டுக்குத் திரும்பும்போது கையில் ஒரு வருமானத்தோடு திரும்புகிறாள். போர்டிங் ஸ்கூலின் கணக்கு, பிள்ளையை வீட்டில் இருந்து எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பது. இந்தக் கணக்கு, பிள்ளையோடு சேர்த்து வீட்டுக்கு எதைத் திருப்பி அனுப்ப முடியும் என்பது. நூற்பு எந்தக் குடும்பத்தையும் பணக்காரக் குடும்பமாக்கவில்லை, உண்மைதான். கேள்வி மாறியது, அதுதான் விஷயம்.

7

கேள்வி மாறினாலும் விடை மாற ரொம்ப நாள் ஆயிற்று. 1950இல் அமெரிக்காவில் பாப் பியர்ஸ் தொடங்கிய வேர்ல்ட் விஷன், கொரியப் போருக்குப் பிறகு ஒரு பிள்ளைக்கு ஒரு புரவலர் என்ற முறையைப் பிரபலமாக்கியது. மாதாமாதம் பணம், பதிலுக்கு ஒரு போட்டோ, ஒரு கடிதம். தமிழ்நாட்டிலும் இந்த மாதிரிப் பல அமைப்புகள் வந்தன. ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்கு ஸ்வெட்டரும் பென்சில் டப்பாவும் வரும், அவள் தம்பிக்கு ஒன்றும் வராது. பிறகு அந்த அமைப்புகளே முறையை மாற்றி ஊருக்கு, குடும்பத்துக்கு என்று பணத்தைத் திருப்பின. 1717இல் தொடங்கிய பாடத்தைத் திரும்பவும் முதலில் இருந்து படித்த மாதிரி.

திருமணச் சட்டத்திலும் அப்படித்தான். 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டப்படி, கிறித்தவக் கணவன் மனைவியின் தகாத உறவைக் காட்டினாலே போதும். மனைவி கேட்டால் அது போதாது, கூடவே கொடுமையோ கைவிடலோ நிரூபிக்க வேண்டும். இந்தப் பாரபட்சம் 2001இல்தான் போனது. 132 வருடம். திருமணத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்ன எத்தனை ஆலோசனைக் கூட்டங்கள் அந்த 132 வருடத்தில் நடந்திருக்கும், எத்தனை பெண்களிடம் பொறுத்துப் போ அம்மா என்று சொல்லியிருப்பார்கள். என் வயதுக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்னால் சபையில் இரண்டு நாள் கவுன்சலிங் வகுப்புக்குப் போகிறார்கள். நல்லதுதான். அதில் வெளியேறும் வழி எங்கே என்பதையும் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. தீ விபத்துக்கான வழியைக் கட்டிடம் கட்டும்போதே வைக்கிறோம். அதனால் தீ பிடிப்பதில்லை.

8

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். பரங்கிப்பேட்டையைச் சுற்றியிருந்த மீனவக் கிராமங்களில் இருந்து ஓடி வந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டது ஊர் முஸ்லிம் ஜமாத். அன்றைக்கு ஊரில் கல்யாணம். பந்திக்குச் சமைத்து வைத்திருந்த சாப்பாடு அப்படியே கடற்கரை மக்களுக்குப் போனது. தொடர்ந்து பல நாள் ஜமாத் சமைத்துப் போட்டது. எந்தப் படிவமும் நிரப்பச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லா மதத்துத் தொண்டு நிறுவனங்களும் வந்து குவிந்தன. பிள்ளைகளைத் தத்தெடுத்துக்கொள்கிறோம் என்று உலகமெங்கும் இருந்து கேட்டார்கள். தமிழ்நாடு அரசு அவசரப்பட்டுக் கொடுக்கவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசே இல்லம் நடத்தியது, உறவினர்கள் இருந்தால் அவர்களோடு இருக்கவும் வழி வைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த, கருத்தடை செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்கு அதை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்கு உதவி செய்தது. புதிதாகக் கட்டிய வீடுகளின் பத்திரத்தில் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொன்னது.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முந்நூறு வருட நல்லெண்ணத்தில், ஒரு பெண்ணின் குடும்பத்தைக் காப்பாற்ற என்னென்னவோ செய்தார்கள். பள்ளி வைத்தார்கள், பிரசங்கம் செய்தார்கள், பிள்ளையை வாங்கி வளர்த்தார்கள். வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயரை எழுதுவது ஒரு வரி வேலை. அந்த வரி இருந்தால் குடித்துவிட்டு வருகிறவன் அவளை ராத்திரி வெளியே தள்ளுவதற்கு ஒரு தடவை யோசிப்பான். திருமணத்துக்கு ஆதரவு என்பதற்கு இதைவிடத் தெளிவான அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

2015இல் வந்த இளைஞர் நீதிச் சட்டம், ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. முதலில் குடும்பம், அதை நிற்க வைக்க என்ன செய்யலாம் என்று பார், முடியாவிட்டால்தான் இல்லம். ஹாலேயில் இருந்து கடலூருக்கு வந்த யோசனை தலைகீழாகத் திரும்ப முந்நூறு வருடம் ஆகியிருக்கிறது. காகிதத்தில் திரும்பியிருக்கிறது என்று சொல்வதுதான் சரி.

தொண்டு செய்கிற எந்த அமைப்பையும், எந்த மதத்துடையதாக இருந்தாலும், நான் இப்போது ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். உங்கள் உதவி போன பிறகு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா இருக்கிறாளா, பிள்ளை இருக்கிறதா, அவர்கள் கையில் அவர்களுடையது என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா? ஹாலேயில் இருந்து வந்தவர்கள் இதை வேறு மாதிரிக் கேட்டார்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு டேனிஷ் அம்மாவும், அதே ஊர் ஜமாத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணச் சோற்றை அள்ளிக் கொடுத்தவர்களும், கிட்டத்தட்டச் சரியாகக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.